பாடல் பெற்ற மாநிலங்கள்: ஜார்ஜியா முதல் பேரா வரை

தேவார மூவர் பாடிய ஊர்களைப் ‘பாடல் பெற்ற தலங்கள்’ என்று தமிழர் சொல்வது வழக்கம். ஊர் பெரியதா சிறியதா, அங்கே அரண்மனை இருந்ததா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. பதிகம் உண்டா என்பது மட்டுமே கேள்வி. தனிப் பதிகம் இல்லாமல் வேறொரு பாட்டுக்குள் பெயர் மட்டும் வந்துபோகும் ஊர்களுக்கும் ஒரு பெயர் உண்டு: வைப்புத் தலங்கள். அவற்றில் சில இன்று எங்கே இருக்கின்றன என்று அறிஞர்களாலேயே உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. ஊர் மறைந்துவிட்டது, பாட்டில் பெயர் இருக்கிறது.

மாநிலங்களின் பெயரைச் சொல்லும் பாடல்களைப் பற்றிப் பேசும்போது உலகம் முதலில் நினைப்பது அமெரிக்காவை. அங்குள்ள 50 மாநிலங்களில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு பாட்டில் இடம்பிடித்தவை. மலேசியாவின் 13 மாநிலங்களுக்கும் தனித்தனிப் பண் உண்டு. அவற்றுள் பேராவின் மெட்டுதான் நாட்டின் தேசியப் பண்ணாக உயர்ந்தது. அதே பேராவில், ஈப்போவைச் சுற்றியும் சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் வட்டாரங்களிலும் இருந்த ரப்பர் தோட்டங்களின் பெயர்கள் வரைபடத்திலிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்து வருகின்றன. அவை எந்தப் பாட்டில் இருக்கின்றன என்ற கேள்விக்கு விடை தேட, அமெரிக்க மாநிலப் பாடல்களின் வரலாறு பெரிதும் உதவும்.

அமெரிக்காவில் இரண்டு வகை

அமெரிக்காவில் மாநிலப் பெயர் வரும் பாடல்கள் இரண்டு வகை. ஒன்று, மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் போட்டு ஏற்றுக்கொண்ட அதிகாரபூர்வப் பாடல். மற்றொன்று, யாரும் கேட்காமல் ஒரு பாடகர் பாடி, வானொலியிலும் இசைத்தட்டிலும் பரவி, மக்கள் வாயில் நிலைத்த பாடல். சுவையான கதைகள் பெரும்பாலும் இரண்டாம் வகை முதல் வகையாக மாறும் இடத்தில் பிறக்கின்றன.

‘ஜார்ஜியா ஆன் மை மைண்ட்’ அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1930-ல் ஹோகி கார்மைக்கேல் இசையமைக்க, ஸ்டூவர்ட் கோரெல் எழுதிய பாடல் இது. ஜார்ஜியா என்பது மாநிலமா, ஒரு பெண்ணா என்று இன்றும் ரசிகர்கள் வாதாடுவதுண்டு. இதை உலகறியச் செய்தவர் ஜார்ஜியாவிலேயே பிறந்த கறுப்பினப் பாடகர் ரே சார்ல்ஸ். அவர் குரலில் 1960-ல் வெளிவந்த பதிவு அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. அடுத்த ஆண்டே அவர் அந்த மாநிலத்தின் ஆகஸ்டா நகரில் பாட மறுத்தார். வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்து நிறுத்தும் அரங்கில் பாடமாட்டேன் என்பது அவர் நிலை. ஒப்பந்தத்தை மீறியதற்காக அபராதமும் கட்டினார். 1979 மார்ச்சில் அதே ஜார்ஜியாவின் சட்டமன்றம் அவரை அழைத்துப் பாடச் சொன்னது. ஏப்ரலில் அந்தப் பாடலே மாநிலத்தின் அதிகாரபூர்வப் பாடல் ஆனது.

மேடை நாடகத்திலிருந்து வந்த பாடலும் உண்டு. ரோஜர்ஸ், ஹாமர்ஸ்டைன் இருவரும் 1943-ல் அரங்கேற்றிய ‘ஓக்லஹோமா!’ இசை நாடகத்தின் தலைப்புப் பாடலை அந்த மாநிலம் 1953-ல் தனதாக்கிக்கொண்டது. ‘டென்னசி வால்ட்ஸ்’ ஒரு காதல் தோல்விப் பாடல். பாட்டி பேஜ் 1950-ல் பாடிப் புகழ்பெற்ற அதை டென்னசி மாநிலம் 1965-ல் தன் பாடல்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

மாநிலத்தைப் பாட அந்த மாநிலத்தில் பிறந்திருக்க வேண்டும் என்பதில்லை, அங்கே போயிருக்கவும் வேண்டியதில்லை. ஜான் டென்வர் 1971-ல் பாடிய ‘டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்’ மேற்கு வெர்ஜினியாவைப் புகழ்கிறது. அதை எழுதத் தொடங்கிய பில் டானோஃபும் டாஃபி நிவர்ட்டும் அப்போது மேரிலாந்துச் சாலையொன்றில் காரில் போய்க்கொண்டிருந்தார்கள். பாட்டில் வரும் ஆறும் மலைத்தொடரும் பெரும்பாலும் பக்கத்து வெர்ஜினியாவுக்கே உரியவை. ஆனாலும் மேற்கு வெர்ஜினியா மக்கள் குறை சொல்லவில்லை. 2014-ல் அதைத் தங்கள் மாநிலப் பாடல்களுள் ஒன்றாக்கினார்கள். பீ ஜீஸ் குழுவினர் 1967-ல் ‘மாசசூசெட்ஸ்’ பாடியபோது அந்த மண்ணை மிதித்ததே இல்லை. அந்தப் பெயரின் ஓசை அவர்களுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

எல்லாப் பாடலும் புகழ்ச்சி அல்ல. 1970 மே 4 அன்று ஓஹையோவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் போர் எதிர்ப்புக் கூட்டத்தின்மீது தேசியக் காவல் படை சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தனர். சில வாரங்களில் நீல் யங் எழுதிய பாடல் வெளிவந்தது. அதன் தலைப்பு மாநிலத்தின் பெயர் மட்டும்: ‘ஓஹையோ’. அந்தப் பாட்டைக் கேட்கிறவர்களுக்கு அந்த மாநிலம் இன்றும் அந்த நான்கு பேரை நினைவூட்டுகிறது.

பாட்டைத் திருத்திய மாநிலங்கள்

மாநிலப் பாடல் என்றால் அந்த மாநிலத்தில் வாழும் எல்லாரும் எழுந்து நின்று பாட வேண்டும். அங்கேதான் சிக்கல் வந்தது.

வெர்ஜினியா 1940-ல் ஏற்ற மாநிலப் பாடல் ‘கேரி மீ பேக் டு ஓல்ட் வெர்ஜின்னி’. 1878-ல் அதை எழுதியவர் ஜேம்ஸ் பிளாண்ட் என்ற கறுப்பினக் கலைஞர். ஆனால் பாடல், அடிமையாக இருந்த ஒருவர் பழைய எசமானையும் தோட்டத்தையும் நினைத்து ஏங்குவது போல அமைந்தது. அடிமைகளின் பேரப்பிள்ளைகள் குடிமக்களாக வாழும் மாநிலத்தில் அதைப் பாட முடியாது என்று பல ஆண்டுகள் குரல் எழுந்தது. 1997-ல் அதை ‘ஓய்வுபெற்ற மாநிலப் பாடல்’ ஆக்கி ஒதுக்கிவைத்தார்கள்.

கென்டக்கியின் கதை வேறு. ஸ்டீஃபன் ஃபாஸ்டர் எழுதி 1853-ல் வெளிவந்த ‘மை ஓல்ட் கென்டக்கி ஹோம்’ 1928-ல் மாநிலப் பாடலானது. அதில் கறுப்பினத்தவரை இழிவாகக் குறிக்கும் ஒரு சொல் இருந்தது. 1986-ல் சட்டமன்றத்தைப் பார்க்க வந்த ஜப்பானிய மாணவர் குழு மரியாதைக்காக அந்தப் பாடலைப் பழைய சொல்லோடு அப்படியே பாடிக்காட்டியது. அப்போது அவையில் இருந்த ஒரே கறுப்பின உறுப்பினர் கார்ல் ஹைன்ஸ் தீர்மானம் கொண்டுவந்தார். இழிசொல்லை எடுத்துவிட்டு ‘மக்கள்’ என்று பொருள்படும் சொல் வைக்கப்பட்டது. பாடலும் மாநிலப் பெயரும் அப்படியே இருந்தன. ஒரு சொல் மட்டும் மாறியது.

மேரிலாந்து இன்னும் கடுமையான முடிவெடுத்தது. உள்நாட்டுப் போர் மூண்ட 1861-ல் ஜேம்ஸ் ரைடர் ராண்டல் எழுதிய ‘மேரிலாந்து, மை மேரிலாந்து’ தென்மாநிலங்களின் பக்கம் சேரும்படி மக்களைத் தூண்டும் போர்ப்பாடல். மெட்டு ஒரு ஜெர்மானியக் கிறிஸ்துமஸ் பாடலுடையது. 1939-ல் மாநிலப் பாடலாக ஏற்றதை 2021-ல் சட்டமன்றம் முற்றாக நீக்கியது.

இந்த மூன்று மாநிலங்களிலும் எழுந்த கேள்வி ஒன்றே. மாநிலத்தின் பெயரைச் சொல்லும் பாட்டில், அந்த மண்ணில் உழைத்தவர்கள் எப்படி வருகிறார்கள்? வரவே இல்லையா? வந்தால் யாருடைய பார்வையில் வருகிறார்கள்?

அரசனின் பண் மாநிலத்தின் பண்ணாவது

அமெரிக்க மாநிலப் பாடல்களில் மலேசிய வாசகருக்கு நெருக்கமானது ஹவாயியின் பாடல்தான். ‘ஹவாயி பொனொய்’ எனும் அதன் வரிகளை 1874-ல் எழுதியவர் ஹவாயி மன்னர் கலாகவுவா. அப்போது ஹவாயி தனி அரசு. 1881-ல் உலகப் பயணம் புறப்பட்ட அவர் ஜொகூருக்கும் வந்து மகாராஜா அபு பக்காரின் விருந்தினராக இருந்தார். 1898-ல் அமெரிக்கா ஹவாயியைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 1959-ல் அது 50-ஆவது மாநிலம் ஆனது. அரசு போனது, அரசனுக்காக எழுதிய பண் மட்டும் போகவில்லை. 1967-ல் அதுவே மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது.

மலாய் மாநிலங்களின் பண்களும் இதே வழியில் வந்தவை. அவற்றுள் பல, நிலத்தைப் பாடுவதைவிட ஆட்சியாளரின் நலத்துக்காக இறைவனிடம் வேண்டுபவை. பேராவின் பண் தலைப்பிலேயே அதைச் சொல்கிறது. ‘அல்லாஹ் லஞ்சுத்கான் உசியா சுல்தான்’ என்றால், சுல்தானுக்கு இறைவன் நீண்ட ஆயுள் தரட்டும் என்று பொருள்.

பேராவின் மெட்டு நாட்டின் மெட்டானது எப்படி

1875 நவம்பர் 2 அன்று பேராவின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஜே.டபிள்யூ.டபிள்யூ. பர்ச், பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அதில் தொடர்பு இருந்ததாகக் கூறி சுல்தான் அப்துல்லாவை ஆங்கிலேயர் 1877-ல் இந்தியப் பெருங்கடலில் உள்ள சீஷெல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தினர். அந்தத் தீவில் பிரெஞ்சு மொழியும் இசையும் பரவியிருந்த காலம் அது. அங்கே கேட்ட ஒரு பிரெஞ்சு மெட்டு சுல்தான் குடும்பத்தாரின் மனத்தில் தங்கிவிட்டது என்று சொல்லப்படுகிறது.

அது எப்படி மாநிலப் பண் ஆனது என்பதற்குப் பல கதைகள் உலவுகின்றன. பரவலாக அறியப்பட்ட கதை இது: பேரா சுல்தான் இங்கிலாந்துக்குப் போனபோது, வரவேற்பில் இசைக்க வேண்டிய பேராவின் பண் எது என்று அதிகாரிகள் கேட்டார்கள். அப்படி ஒன்று அதுவரை இல்லை. இல்லை என்று சொல்லத் தயங்கிய உதவியாளர், தமக்குத் தெரிந்த சீஷெல்ஸ் மெட்டை முணுமுணுத்துக் காட்டினார். அதுவே பேராவின் பண் ஆகிவிட்டது. ஆண்டும் ஆளும் கதைக்குக் கதை மாறுகின்றன. கடல் கடந்து வந்த மெட்டு என்பதில் மட்டும் எல்லாக் கதைகளும் ஒத்துப்போகின்றன.

பிறகு அந்த மெட்டு அரண்மனையிலிருந்து தெருவுக்கு இறங்கியது. பங்சாவான் நாடகக் குழுக்களின் வழியாக ‘தெராங் புலான்’ எனும் நிலவுப் பாட்டாக மலாயாவிலும் இந்தோனேசியாவிலும் பரவியது. 1947-ல் லண்டனில் ஃபெலிக்ஸ் மெண்டல்சனின் ‘ஹவாயியன் செரினேடர்ஸ்’ குழு அதை ‘மாமுலா மூன்’ என்ற பெயரில் ஹவாயி கித்தாருடன் வாசித்துப் பதிவுசெய்தது. அப்போது ஹவாயி இன்னும் மாநிலம் ஆகவில்லை. பேராவின் மெட்டு ஹவாயி பாணியில் உடுத்திக்கொண்டு உலகம் சுற்றியது.

சுதந்திரம் நெருங்கியபோது மலாயாவுக்குத் தேசியப் பண் தேவைப்பட்டது. உலகளாவிய போட்டிக்கு 514 படைப்புகள் வந்தன. எதுவும் தேறவில்லை. பெஞ்சமின் பிரிட்டன், வில்லியம் வால்டன், ஜியான் கார்லோ மெனோட்டி போன்ற பெயர்பெற்ற இசையமைப்பாளர்களிடமும், பின்னாளில் சிங்கப்பூரின் தேசியப் பண்ணுக்கு இசையமைத்த சுபிர் சாயிட்டிடமும் கேட்டுப் பார்த்தார்கள். அவையும் பொருந்தவில்லை. கடைசியில் துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையிலான குழு பேராவின் மெட்டைத் தேர்ந்தெடுத்தது. தேர்வு நடந்த நாள் 1957 ஆகஸ்ட் 5. சுதந்திரத்துக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. புதிய வரிகளோடு ‘நெகாராகூ’ பிறந்தது.

இங்கே கவனிக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. ‘நெகாராகூ’வில் நாட்டின் பெயரே வருவதில்லை. ‘என் நாடு’ என்று மட்டுமே சொல்கிறது. அதனால் 1963-ல் மலாயா மலேசியாவானபோது ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அதே மெட்டில் பாடப்படும் பேராவின் பண்ணில் பேரா என்ற பெயர் உண்டு.

மற்ற மாநிலங்களையும் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியும். சபா, மலாக்கா இரண்டின் பண்களும் தலைப்பிலேயே மாநிலப் பெயரைத் தாங்குகின்றன. ஜொகூரின் பண்ணும் அப்படியே. அதன் மெட்டை 1879-ல் அமைத்தவர் ஓர் ஆர்மீனியர். சரவாக்கின் ‘இபு பெர்த்திவிகூ’ பாட்டுக்குள் பெயரைச் சொல்கிறது. சிலாங்கூரின் ‘டூலி யாங் மஹா மூலியா’ ஆட்சியாளரைப் போற்றுகிறது. மாநிலத்தின் பெயரைச் சொல்வதில்லை.

ஊர்ப்பெயரை அடுக்கும் தமிழ் மரபு

அமெரிக்கத் தொடக்கப்பள்ளிகளில் 50 மாநிலங்களின் பெயரையும் அகர வரிசையில் ஒரே மூச்சில் சொல்லும் ‘ஃபிஃப்டி நிஃப்டி’ பாடலைக் கற்றுக்கொடுப்பதுண்டு. பாடத்தை மனப்பாடம் செய்யப் பாட்டைப் பயன்படுத்தும் வழி அது. தமிழர்க்கு இது புதியதன்று. திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் தலங்களின் பெயர்களை அடுக்கிப் பாடிய பாடல்கள் ‘க்ஷேத்திரக்கோவை’ என்றே அழைக்கப்படுகின்றன. பள்ளு நூல்கள் நாட்டு வளம் பாடின. குறவஞ்சியில் குறத்தி தான் சுற்றிவந்த நாடுகளைப் பட்டியலிடுவாள். காவடி தூக்கி நடப்பவர்கள், வழியில் வரும் ஊர், ஆறு, சத்திரம் அனைத்தையும் வழிநடைச் சிந்தில் வரிசையாகப் பாடினார்கள்.

கடல் கடந்தபோது அந்தப் பழக்கமும் கூடவே வந்தது. 1887-ல் யாழ்ப்பாணம் சதாசிவ பண்டிதர் எழுதிய ‘சிங்கை நகர் அந்தாதி’ தலைப்பிலேயே புதிய ஊரின் பெயரைத் தாங்கியது. முரசு நெடுமாறன் தொகுத்த ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ அந்த 1887-ஆம் ஆண்டைத் தொடக்கமாக வைத்தே நூறாண்டுக் கவிதைகளைத் திரட்டியது. திரைப்படமும் இதில் பின்தங்கவில்லை. 1978-ல் வெளிவந்த ‘பிரியா’ சிங்கப்பூரின் அழகைப் பாடியது. நாட்டின் பெயரையே தம் பெயரின் முன்னொட்டாக்கிக்கொண்ட பாடகரும் உண்டு: மலேசியா வாசுதேவன்.

எழுத்தறியாத தோட்டத் தொழிலாளர்களும் பாடினார்கள். தாலாட்டு, ஒப்பாரி, தெம்மாங்கு, கும்மி என்று ஊரில் பழகிய வடிவங்களில் கப்பல், கங்காணி, அதிகாலைப் பெரட்டு, பால்மரம் எல்லாம் புகுந்தன. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலும் இதே நிலை. அங்கே கண்டிச் சீமை பாட்டுக்குள் வந்தது. அந்தப் பாடல்களை ஸி.வி. வேலுப்பிள்ளை திரட்டி அச்சேற்றியதால் மலையகத்தின் அடுத்த தலைமுறைக்கு அவை கிடைத்தன. யாராவது உட்கார்ந்து கேட்டு எழுதியிருந்தால்தான் நாட்டுப்பாடல் மிஞ்சும்.

பேராவின் தோட்டங்கள்: பெயர் போகும் வழி

பேராவில் ரப்பரின் கதை கோலகங்சாரில் தொடங்குகிறது. 1877-ல் ரெசிடென்ட் ஹியூ லோ அங்கே நட்ட கன்றுகளின் தலைமுறையில் ஒரு மரம் இன்றும் காட்சிக்கு நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மோட்டார் கார் பெருகியபோது மலாயாவின் ரப்பருக்குப் பெரிய வாடிக்கையாளர் அமெரிக்காதான். குட்இயர், ஃபயர்ஸ்டோன், குட்ரிச் ஆகிய டயர் நிறுவனங்கள் மூன்றும் இருந்தது ஓஹையோவின் ஆக்ரன் நகரில். பேராவில் விடியுமுன் பால்வெட்டிய கைகளுக்கும் ஓஹையோவில் உருண்ட டயருக்கும் இடையே இருந்த தொடர்பு எந்த மாநிலத்தின் பாட்டிலும் இல்லை.

தோட்டங்களுக்குப் பெயர் வைத்தவர்கள் பெரும்பாலும் முதலாளிகள். சில பெயர்கள் ஆற்றையோ மலையையோ ஒட்டிய மலாய்ப் பெயர்கள். சில, தூரத்துச் சீமையில் இருந்து வந்தவை. சுங்கை சிப்புட் வட்டாரத்தின் டவன்பி தோட்டத்துக்கு உள்ள பெயரில் இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிற்றூர் இருக்கிறது. அந்தப் பெயரைத் தமிழ்த் தொழிலாளர்கள் தங்கள் நாவுக்கு ஏற்ப வளைத்துக்கொண்டார்கள். மூன்று தலைமுறை கழிந்தபின் அது அவர்களுக்குச் சொந்த ஊரின் பெயர்.

வரலாற்றுப் புத்தகத்தில் ஏறிய தோட்டப் பெயர்களும் உண்டு. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் எல்பில் தோட்டத்தில் அதன் ஐரோப்பிய நிர்வாகி சுட்டுக் கொல்லப்பட்டார். அதே காலையில் அருகிலிருந்த மற்றொரு தோட்டத்திலும் இரு ஐரோப்பியர் கொல்லப்பட்டனர். அவசரகாலம் அதன்பின் அறிவிக்கப்பட்டது. எல்பில் என்ற பெயர் ஆங்கில நூல்களில் வருவது அந்தக் காலை நேரத்துக்காக. அங்கே வாழ்ந்து, பிள்ளை பெற்று, கோயில் கட்டிய தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தப் பெயர் வேறு நினைவுகளைத் தரும். அந்த நினைவுகள் நூல்களில் இல்லை.

1950-களிலும் 60-களிலும் வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போன குடும்பங்கள் ஏராளம். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், தொழிலாளர்களிடமே பங்குத் தொகை திரட்டித் தோட்டங்களை வாங்கலாம் என்று 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதனால் சில தோட்டங்கள் தொழிலாளர் கையிலேயே நின்றன. மற்ற இடங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்குப் பின் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. லயங்கள் இடிந்தன. தோட்டப் பெயர் இருந்த இடத்தில் ‘தாமான்’ என்று தொடங்கும் புதிய பெயர்ப்பலகை நின்றது.

பள்ளிப் பண்ணில் மிஞ்சிய பெயர்

தோட்டப் பெயர் இன்று அதிகமாக ஒலிக்கும் இடம் தமிழ்ப்பள்ளி. பேராவில் 130-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. நாட்டிலேயே அதிகமான எண்ணிக்கை இது. அவற்றுள் பல, தோட்டப் பள்ளிகளாகத் தொடங்கியவை. எல்பில் தோட்டத் தமிழ்ப்பள்ளி, டவன்பி தோட்டத் தமிழ்ப்பள்ளி, தெலுக் இந்தானின் சப்ராங் தோட்டத் தமிழ்ப்பள்ளி, ஊத்தான் மெலிந்தாங்கின் ஜெண்டராத்தா தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் என்று பெயர்கள் நீள்கின்றன. தோட்டத்தைவிட்டு வேறிடத்துக்கு மாறிய பள்ளிகளும் பழைய தோட்டத்தின் பெயரைப் பலகையில் வைத்திருப்பதைப் பல ஊர்களில் காணலாம். ‘தோட்டம்’ என்ற சொல்லை எடுத்துவிடலாமே என்று சிலர் சொல்வதுண்டு. அந்தச் சொல் போனால் அந்த ஊர் இருந்ததற்கான கடைசிச் சான்றும் போகும் என்று மற்றவர்கள் விடை சொல்வதுண்டு.

பள்ளிச் சபைகூடலில் மாணவர்கள் பாடும் பண்கள் மூன்று. முதலில் ‘நெகாராகூ’. அடுத்து மாநிலப் பண். பிறகு பள்ளிப் பண். பேராவின் பிள்ளைகளுக்கு முதல் இரண்டும் ஒரே மெட்டு. மூன்றாவதுதான் அந்த ஊருக்கே உரியது. பெரும்பாலும் ஒரு தலைமையாசிரியரோ, தமிழார்வம் கொண்ட ஓர் ஆசிரியரோ எழுதி, தெரிந்த ஒரு மெட்டில் அமைத்தது. எழுதியவர் பெயர் பல இடங்களில் மறந்துபோயிருக்கும். இலக்கிய நயம் தேடுபவர்கள் அதைப் பெரிதாக மதிப்பதில்லை. ஆனால் தோட்டத்தின் பெயரை நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வாரந்தோறும் ஒரே குரலில் சொல்லும் வேறு பாட்டு எதுவும் கிடையாது. மாணவர் குறைந்து ஒரு பள்ளி மூடப்படும்போது கட்டடத்தையும் உரிமத்தையும் பற்றித்தான் பேச்சு எழுகிறது. பள்ளிப் பண் என்னவாயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

இதைச் சேகரிக்கப் பெரிய செலவு இல்லை. ஒவ்வொரு பள்ளியின் முன்னாள் மாணவர் குழுவும் செய்யக்கூடிய வேலை இது.

பள்ளிப் பண்ணின் முழு வரிகளையும் எழுதிவைக்க வேண்டும். எழுதியவர், மெட்டு, முதலில் பாடிய ஆண்டு ஆகியவை தெரிந்தால் உடன் குறிக்க வேண்டும். இடையில் வரிகள் மாறியிருந்தால் பழைய வடிவத்தையும் சேர்க்க வேண்டும். கென்டக்கியில் ஒரு சொல் மாறிய வரலாறு தெரிவதற்குக் காரணம், பழைய சொல்லும் பதிவில் இருப்பதுதான்.

தோட்டத்தில் வாழ்ந்த பாட்டிமார், தாத்தாமாரிடம் தாலாட்டும் ஒப்பாரியும் கேட்டுக் கைப்பேசியில் பதிவுசெய்யலாம். பாட்டில் வரும் ஊர்ப்பெயர், தோட்டப் பெயர், பிரிவின் பெயர், கங்காணியின் பெயர் எதையும் ‘திருத்தி’ எழுதக் கூடாது. அவர்கள் வாயில் எப்படி வருகிறதோ அப்படியே எழுத வேண்டும். அந்த உச்சரிப்பே ஒரு சான்று. பாடியவர் எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டுகளில் இருந்தார் என்பதையும் குறிப்பது நல்லது.

சேர்த்ததை ஒரே இடத்தில் வைக்காமல் பள்ளி நூலகத்தில் ஒரு படி, ஊர்க் கோயிலிலோ சங்கத்திலோ ஒரு படி என்று பிரித்து வைக்கலாம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் இயங்கிவரும் இந்திய ஆய்வியல் துறை போன்ற இடங்களுக்கும் ஒரு படி கொடுத்துவைத்தால் ஆய்வாளர்களுக்கு உதவும்.

ஜார்ஜியாவின் பாட்டுக்கு ஒரு சட்டமன்றம் இருந்தது. பேராவின் மெட்டுக்கு ஓர் அரண்மனையும் பிறகு ஒரு நாடும் கிடைத்தன. தோட்டத்துப் பாட்டுக்கு அதைப் பாடியவர்களும் அவர்களின் பிள்ளைகளும் மட்டுமே உண்டு. பால்வெட்டி வளர்ந்த தலைமுறையில் மிஞ்சியிருப்பவர்கள் இப்போது எழுபதையும் எண்பதையும் கடந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் வாயிலிருந்து இன்று எழுதிவைக்காத தோட்டத்துக்குத் தாளில் வைப்புத் தலமாகக்கூட இடம் கிடைக்காது.